வெளியே போகும் சுருள்

பூக்காரி கண்ணம்மா அளந்து கொடுத்த முழத்தை லோகநாயகி மறுபடியும் தன் கையில் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் காலை நேரம். ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். அவளுக்கென்ன வந்தது? முழங்கையிலிருந்து விரல் நுனிவரை சரத்தை இழுத்துப் பிடித்து, ஒரு பூ குறைந்தாலும் கண்ணம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "டெய்லி உன்னோட இதே ரோதனையா பூட்சிம்மா. என் கை இன்னா திருட்டுக் கையா?" என்று கண்ணம்மா கத்துவாள். லோகநாயகி சிரிக்கவும் மாட்டாள், கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். "திருட்டுக் கைன்னு யாரு சொன்னா? நம்பறதுக்கு இன்னா அவசரம்னுதான் கேக்கறேன்" என்பாள்.

நம்புவதற்கு அவளுக்கு எப்போதுமே அவசரம் கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பாள். காஸ் சிலிண்டர் வந்தால், கொண்டு வந்தவரையே அதைத் தூக்கிக் காட்டச் சொல்லி அவர் முகம் சுளிக்கிறதா என்று கவனிப்பாள். கணவர் மணவாளன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். சேக்காட்டில் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த மனுஷர் ஒரு கதை சொல்வார். "எங்க கல்யாணத்துல என் அக்கா மூணாவது முடிச்சு போட்டாங்க. எல்லாரும் அட்சதை போடறாங்க, இவ மட்டும் கையப் பின்னாடி வுட்டு முடிச்சு இறுகிருக்கான்னு தடவிப் பாக்கறா சார்!" லோகநாயகி உள்ளேயிருந்து, "லூசாத்தான் இருந்துச்சு" என்பாள்.

திருமழிசைப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். கணிதத்தில் பட்டம் வாங்கி, எஸ்டேட்டில் ஒரு சிறிய கம்பெனியின் கணக்கு அறையில் சேர்ந்தாள். அந்தக் கம்பெனி மவுண்டுகள் செய்தது. ஜெனரேட்டர், பம்பு செட் போன்ற இயந்திரங்களுக்கு அடியில் வைக்கிற அதிர்வு தாங்கிகளுக்குத்தான் மவுண்ட் என்று பேர். இயந்திரம் ஆடினால் அந்த ஆட்டத்தைத் தரைக்கு விடாமல் தானே வாங்கி அடக்க வேண்டும். அடக்குகிறதா இல்லையா என்று காகிதத்தில் வரைந்து காட்டுவது லோகநாயகியின் வேலை. இது தொண்ணூறுகளின் நடுவில். கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குத் தனி அறை, ஏ.சி., ஜன்னலுக்குத் திரை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர் சண்முகசுந்தரமாகவே இருந்தாலும் அவர் காலுறையின் அடியைப் பார்த்த பிறகே லோகநாயகி நாற்காலியைக் காட்டுவாள்.

அவள் வரைவதற்கு ஃபேஸ் டயக்ராம் என்று பேர். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒன்று கேட்பார்கள். அது என்னவென்று பட்டறையில் யாராவது கேட்டால் அவள் ஊஞ்சலைச் சொல்லித்தான் விளக்குவாள். "ஊஞ்சல ஒரு தள்ளு தள்ளிட்டு எட்டி நின்னுக்கோ. எவ்ளோ தூரம் போயிருக்குன்றத படுக்க வெச்சு வரை. எவ்ளோ வேகமாப் போவுதுன்றத நெட்டுக்க வரை. ரெண்டையும் சேத்து ஒரு புள்ளி. ஊஞ்சல் ஆட ஆட புள்ளி சுத்தும். ஆட்டம் கொறைய கொறைய சுத்து சின்னதாவும். கடைசில நடுவுல வந்து உக்காந்துக்கும். உக்காந்துச்சுன்னா மவுண்டு நல்ல மவுண்டு." கடிகார முள் போகிற திசையில் சுருண்டு சுருண்டு நடுவில் போய் அடங்குகிற அந்தக் கோட்டை அவள் சுருள் என்பாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு சுருளைத் துப்பும்போது, அடங்குகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கம்ப்யூட்டரையும் அவள் நம்பவில்லை. அதெப்படி நம்புவாள்? அந்த சாஃப்ட்வேரில் கணக்குப் போட இரண்டு வழி இருந்தது. ஒன்று எளிய வழி. புள்ளி இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று கவனித்து, அந்தப் பக்கம் நேராக ஒரு எட்டு வைக்கும். அங்கே நின்று மறுபடி பார்த்து, மறுபடி ஒரு எட்டு. இன்னொன்று நுட்பமான வழி. ஒவ்வோர் எட்டுக்கும் முன்னால் நாலு பக்கமும் எட்டிப் பார்த்து, சராசரி எடுத்து, அப்புறம்தான் காலை வைக்கும். சாஃப்ட்வேர் விற்க வந்தவர் இரண்டாவதைத்தான் சிபாரிசு செய்தார். "உள்ள அது இன்னா பண்ணுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள் லோகநாயகி. எளிய வழி என்றால் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு அவளே கூடவே போட்டுப் பார்க்கலாம். எட்டையும் கொஞ்சம் பெரியதாகவே வைத்துக்கொண்டாள். சின்னச் சின்ன எட்டாக வைத்தால் சரிபார்த்து மாளாதே!

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. ரப்பர் மவுண்டுகள் ஒவ்வொன்றும் சமர்த்தாக உள்ளே சுருண்டன. கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே எண்ணைச் சொன்னபோதெல்லாம் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்தான். திருடன் கிடைக்காத போலீஸ்காரருக்கு இருக்குமே, அந்த ஏமாற்றம்.

பிறகு ஸ்பிரிங் வைத்த புது மவுண்டு வந்தது. மென்மையான கருவிகளுக்கானது. அதைச் சோதனை மேடையில் ஏற்றி, எடை தொங்கவிட்டு, ஆட்டிப் பார்த்து ரீடிங் எடுத்தவன் கங்காதரன். நூம்பலிலிருந்து சைக்கிளில் வருகிறவன். முப்பது தாண்டியாயிற்று, இன்னும் காண்ட்ராக்ட். அவனை நிரந்தரமாக்கும் ஆர்டர் டைப் ஆகி, சண்முகசுந்தரத்தின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது. காண்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஆர்டரில் கையெழுத்து விழாவிட்டால் அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவன் மனைவி பூங்காவனத்துக்கு அப்போது நிறைமாதம். பட்டறையில் எல்லாரும் மேடம் என்று கூப்பிடும் லோகநாயகியை அவன் ஒருவன்தான் யக்கா என்பான். அவளும் தடுத்ததில்லை.

அவன் கொடுத்த எண்களை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். பிரிண்டர் கிறீச்சிட்டது. சுருள் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிளம்பியது, ஒரு சுற்று சுற்றியது, அடுத்த சுற்று பெரிதாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. கடைசியில் கோடு காகித ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

லோகநாயகிக்குப் பகீரென்றது. யாரும் தள்ளாத ஊஞ்சல் தானாக உயர உயரப் போகுமா? அந்த மவுண்டை வாங்கி வைத்தால் இயந்திரம் ஆடி ஆடித் தூள் தூளாகிவிடும் என்று காகிதம் சொல்கிறது. அவள் கால்குலேட்டரை எடுத்தாள். எட்டு எட்டாகப் போட்டுப் பார்த்தாள். கால்குலேட்டரும் அட்சரம் பிசகாமல் வெளியேதான் போனது. ஆக, கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. கணக்கின் மேலும் குற்றமில்லை. மிச்சம் இருந்தது கங்காதரன் கொடுத்த எண்கள்தான். அதிலும் ஆட்டத்தை அடக்குகிற குணத்துக்கான எண் இருக்கிறதே, டாம்பிங் என்பார்கள், அது மற்ற மவுண்டுகளுடையதைவிட மிகவும் சின்னதாக இருந்தது.

ரீடிங் எடுத்த நாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்குத்தான் கங்காதரன் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக அரை நாள் லீவு போட்டிருந்தான். அரை நாள் லீவு, முழு நாள் ரீடிங்! அவனைக் கூப்பிட்டாள்.

"எப்ப எடுத்த இத்த?"

"காத்தாலயே வந்துட்டேன் யக்கா. ஷிப்டுக்கு முன்னாடியே முடிச்சிட்டுத்தான் போனேன்."

"யாரு பாத்தா?"

கங்காதரனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "யாரும் பாக்கல. அய்யாசாமிதான் கேட்டைத் தொறந்து வுட்டாரு."

காவலாளி அய்யாசாமியிடம் போய்க் கேட்டாள். ஆமாம், இருட்டு பிரிவதற்குள் வந்தான் என்றார் அவர். அவரும் நூம்பல்காரர். ஒரே ஊர்க்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுப்பார்களா? அவள் அந்தச் சாட்சியையும் தள்ளிவிட்டு, நேரே சண்முகசுந்தரத்தின் அறைக்குப் போனாள். "சோதனையே பண்ணாம உக்காந்த எடத்துல எழுதிட்டான் சார்" என்றாள்.

சண்முகசுந்தரம் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, கணக்கு சொல்லுதா?"

"கணக்கு சொல்லுது. நானும் கையால போட்டுப் பாத்துட்டேன்."

"நீங்களே சரின்னா அப்புறம் என்ன? உங்களவிடச் சந்தேகப்படறவங்க இந்த எஸ்டேட்டுலயே கிடையாது" என்று சொல்லி, அவர் கங்காதரனின் ஆர்டரை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

சாயங்காலம் ஆவடி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. கிடைத்தும் நிம்மதி இல்லை. அந்த டாம்பிங் எண் சின்னதுதான், ஆனாலும் கூட்டல் குறியோடு இருந்த எண். கூட்டலில் இருக்கும்வரை எவ்வளவு சின்னதானாலும் ஆட்டம் கொஞ்சமாவது குறையத்தானே வேண்டும்? ஏறுவதற்கு வழியே இல்லையே. அவன் பொய்யே எழுதியிருந்தாலும், இந்தப் பொய்க்கு இந்தச் சுருள் வரக்கூடாது. இது அப்போதே ஏன் உறைக்கவில்லை? ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கணக்கைக் கோட்டை விட்டுவிட்டோமோ? டிக்கெட்டை வாங்கியவள் அதைப் படிக்காமலேயே கைப்பைக்குள் திணித்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும் சோதனை மேடைக்குப் போனாள். "என் முன்னாடி ஒரு தபா ஆட்டிக் காட்டு" என்றாள். ஆர்டர் இழுப்பறைக்குள் போன செய்தி அதற்குள் பட்டறை முழுக்கப் பரவியிருந்தது. கங்காதரன் மவுண்டை ஏற்றினான், எடையை மாட்டினான், கீழே இழுத்துப் பிடித்து விட்டான். தட்டு மேலும் கீழும் ஆடியது. ரப்பர் மவுண்டுபோல் சட்டென்று நிற்கவில்லை. நெடுநேரம் ஆடி, சோம்பல் முறிக்கிற மாதிரி மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது.

"இன்னொரு தபா."

மறுபடியும் நின்றது.

"இன்னும் ஒரே ஒரு தபா."

"எத்தினி தபா வோணா பாரு மேடம்" என்றான் கங்காதரன். யக்கா போய்விட்டிருந்தது. அவள் காதில் அது விழத்தான் செய்தது. தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சிலிர்ப்புக்கூட இல்லாமல் கல்லாகக் கிடந்தது. அவன் எடுத்த எண்ணும் அப்படியே சரியாக இருந்தது.

கணக்கு அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டாள். கண் முன்னால் நின்ற மவுண்டு காகிதத்தில் மட்டும் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? கங்காதரனை விட்டாயிற்று, மேடையை விட்டாயிற்று. கம்ப்யூட்டருக்கோ கால்குலேட்டர் சாட்சி. கால்குலேட்டருக்கு யார் சாட்சி? அவள்தான். இந்த உலகத்தில் அவள் இதுவரை சந்தேகப்படாத ஆள் ஒருத்திதான் பாக்கி.

ஒரு காகிதத்தை எடுத்து வட்டம் ஒன்று போட்டாள். வட்டத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, அது போகிற திசையில் நேராக ஒரு கோடு இழுத்தாள். கோட்டின் முனை வட்டத்துக்கு வெளியே போய் நின்றது. அங்கிருந்து இன்னொரு கோடு. இன்னும் வெளியே. ஐயையோ! வளைவில் போகிறவன் நேராக எட்டு வைத்தால் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வெளியே தள்ளித்தானே நிற்பான்? எட்டு பெரிதாக இருந்தால் இன்னும் அதிகமாகத் தள்ளும். ரப்பர் மவுண்டுகளில் ஆட்டம் அடங்குகிற வேகம் அதிகம், அதனால் அந்தத் தள்ளல் வெளியே தெரியவில்லை. இந்த ஸ்பிரிங் மவுண்டு மெதுவாக அடங்குவது. அடங்குகிறதைவிடத் தள்ளல் பெரிதாகிவிட்டது. கம்ப்யூட்டர் செய்த அதே தப்பை அதே மாதிரி கால்குலேட்டரில் செய்துவிட்டு, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அவள் திருப்திப்பட்டிருக்கிறாள்.

எட்டைப் பாதியாக்கினாள். சுருள் வெளியேதான் போனது, ஆனால் தயங்கித் தயங்கிப் போனது. மறுபடி பாதியாக்கினாள். கிட்டத்தட்ட ஒரே வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடியும் பாதி. கோடு உள்ளே திரும்பியது. பிரிண்டரின் மேல் குனிந்திருந்த லோகநாயகிக்கு அழுகை வந்துவிட்டது. நுட்பமான வழியிலும் போட்டுப் பார்த்தாள். பெரிய எட்டிலேயே அழகாக உள்ளே சுருண்டு நடுவில் போய் உட்கார்ந்தது. அவள் நம்ப மறுத்த வழி அது.

காகிதங்களை வாரிக்கொண்டு சண்முகசுந்தரத்தின் அறைக்குப் போனாள். "தப்பு என்னுது சார். அவன் நெம்பர்ல ஒன்னியும் இல்ல" என்று ஆரம்பித்து, வட்டம் போட்டுக் கோடு இழுத்துக் காட்டினாள். அவருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே அவரைக் கலக்கப் போதுமானதாக இருந்தது. "அப்போ இத்தனை வருஷமா நாம அனுப்பினதெல்லாம்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம் தப்பு கீது. மவுண்டு நெஜத்துல நாம காட்டினதைவிட சீக்கிரமாவே அடங்கும். ஆபத்து இல்ல. ஆனா அத்தனையும் திரும்பப் போட்டு அனுப்பணும். யாருக்கெல்லாம் அனுப்பினமோ அவங்களுக்கெல்லாம் நானே சொல்லிடறேன்."

சண்முகசுந்தரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதை அப்படியே விட்டுட்டா யாருக்கும்மா தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"சரி, பார்க்கலாம். நீங்க போங்க."

அவள் போகவில்லை. "கங்காதரன் ஆர்டரு" என்றாள்.

"சாயங்காலம் போட்டுடறேன்."

"இப்பவே போடுங்க. நான் நின்னுகினு கீறேன்."

"என்னம்மா இது, என் மேலயுமா சந்தேகம்?"

"ஆமா சார்" என்றாள் லோகநாயகி. கோபத்தில் சொல்லவில்லை. பால்காரரிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். அவர் முறைத்தார். அவள் அசையாமல் நின்றாள். கடைசியில் அவர் இழுப்பறையைத் திறந்து, ஆர்டரை எடுத்து, பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவள் தேதியையும் போடச் சொன்னாள்.

கங்காதரன் மேடையருகே, ஜன்னலுக்கு எதிரே நின்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டறையில் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழும்படியாகவே அவள் சொன்னாள்: "தப்பு என்னுதுப்பா. கணக்குல எட்டு வெச்சது நான், தப்பா வெச்சிட்டேன். உன் ரீடிங்கு ஒன்னொன்னும் சரி. உன்னைப் போயி சொல்லிட்டேன், எனக்கு ரொம்ப வெக்கமா கீது." ஆர்டரை நீட்டினாள்.

அவன் "பரவால்ல" என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. காகிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். தன் பெயரில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தான். அப்பா பெயரைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். பின்பக்கம் திருப்பி அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தான். மறுபடி முன்பக்கம் திருப்பி, கையெழுத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிவிட்டு, காகிதத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றிருந்த லோகநாயகி, காகிதத்தின் மேல் வெளிச்சம் விழட்டும் என்று ஒதுங்கி நின்றாள்.